எலும்பின் பருவமும் ஏட்டின் அகவையும்

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பகுத்தனர். சப்பாணி கொட்டுதலும் சிறுதேர் உருட்டுதலும் பருவங்களாம். பருவம் உடலின் முதிர்ச்சியைக் காட்டுவது. அகவையோ பிறந்த நாள்தொட்டு எண்ணும் கணக்கு. வலக்கையைத் தலைக்குமேல் வளைத்து இடக்காதைத் தொடச் செய்து பள்ளியில் சேர்த்த நாளில், நம் முன்னோர்க்குப் பருவமே அகவையாக எழுதப்பட்டது. அம்மயக்கம் இன்று கணிப்பொறி வடிவில் மீண்டும் வந்துள்ளது.

குழந்தையின் இடக்கையை ஊடுகதிர்ப் படம் எடுத்து எலும்பின் முதிர்ச்சியை அறிவது மருத்துவ வழக்கு. பிறந்த குழவியின் மணிக்கட்டில் எட்டு எலும்புகளும் குருத்தெலும்பாகவே இருத்தலின் பெரும்பாலும் படத்தில் தோன்றா. ஆண்டுகள் செல்லச் செல்ல அவை ஒவ்வொன்றாகத் தோன்றும். விரலெலும்புகளின் வளர்தட்டுகள் பின்னர் மூடிக்கொள்ளும். இவ்வொழுங்கைக் கிரூலிச், பைல் எனும் அமெரிக்க அறிஞர் இருவர் 1950இல் படத்தொகுதியாக வெளியிட்டனர். அப்படங்களுக்குரியோர் கிளீவ்லாந்து நகரின் வசதி படைத்த வெள்ளையர் வீட்டுப் பிள்ளைகள் என்பது மறக்கற்பாலதன்று.

இவ்வொப்பீட்டை இன்று செயற்கை நுண்ணறிவு நொடிப்பொழுதில் செய்கிறது. 2017இல் வட அமெரிக்க ஊடுகதிரியல் சங்கம் நடத்திய போட்டியில் 12,611 படங்கள் பயிற்சிக்கு அளிக்கப்பட்டன. வென்ற கனடிய நிரலின் சராசரி வேறுபாடு ஏறத்தாழ 4.3 மாதங்களே. வியத்தற்குரியது! ஆயினும் அவ்வேறுபாடு எதனோடு ஒப்பிட்டுக் கண்டது? குழந்தையின் பிறந்த நாளோடு அன்று. படத்தைக் கண்டு மருத்துவர்கள் மதிப்பிட்ட எலும்புப் பருவத்தோடு. மருத்துவரைப் போலவே படிக்கக் கருவி கற்றது. மருத்துவர் அறியாத பிறந்த நாளை அதுவும் அறியாது.

வளர்ச்சி குன்றிய பத்து வயதுச் சிறுவனுக்கு எலும்புப் பருவம் ஏழெனின் அவன் இன்னும் வளர இடமுண்டு என மருத்துவர் தேறுவர். தைராய்டுக் குறை, முன்கூட்டிய பூப்பு ஆகியவற்றை ஆராயவும் இது துணை செய்யும். இங்கே கருவி பெரும்பேறு என்பதில் ஐயமில்லை.

இருக்கன்குடியைச் சூழ்ந்த சாத்தூர், சிவகாசி வட்டாரத்திலோ வினா வேறு. சிறுவர் உழைப்பைப் பற்றிய சிவகாசி வழக்கில் உச்ச நீதிமன்றம் 10.12.1996இல் தீர்ப்பளித்து, சட்டத்தை மீறி வேலைக்கு வைக்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த ஆணையிட்டது. 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி, சான்றிதழ் இல்லாதபோது எழும் வயதுத் தகராறு மருத்துவரிடமே செல்லும். 2016இல் செய்த திருத்தம் பதினான்கு முதல் பதினெட்டு வயதுக்குட்பட்டோரையும் வெடிபொருள் தொழிலிலிருந்து விலக்கியது. இடர்ப்பாடு இங்கேதான் எழுகின்றது. பெண்பிள்ளைகளுக்குப் பதினாறு, பதினேழிலேயே கையின் வளர்தட்டுகள் பெரும்பாலும் மூடிவிடும். மூடிய பின்னர்க் கருவி காண்பதற்கு ஒன்றுமில்லை. பட்டாசுச் சாலையில் பிடிபட்ட பதினாறு வயதுச் சிறுமி படத்தில் முதிர்ந்தவளாகத் தோன்றுவாள். ஊட்டமின்றி வளர்ந்தவளோ வயதிற் குறைந்தவளாகத் தோன்றக் கூடும்.

மருத்துவ மதிப்பீட்டில் இருபுறமும் ஈராண்டு வேறுபடலாம் என 1982இலேயே உச்ச நீதிமன்றம் கூறியது. ஆகலின் 2015ஆம் ஆண்டு இளஞ்சிறார் நீதிச் சட்டம் பள்ளிச் சான்றிதழை முதலிலும், அஃதில்லையேல் உள்ளாட்சியின் பிறப்புச் சான்றிதழையும் வைத்து, இரண்டும் இல்லாத இடத்தில் மட்டுமே எலும்புச் சோதனைக்கு இடமளிக்கிறது. பிறந்த 21 நாட்களுக்குள் பதிவதற்குக் கட்டணமில்லை என்பதைப் பெரியோர்கள் தத்தம் தெருவில் எடுத்துரைப்பாராக.