கோமாளி மீனும் கடற்சாமந்தியும்: மலைநாட்டு வீட்டில் உப்புநீர்த் தொட்டி

கடற்சாமந்தி பெயரளவில் மலராயினும் உண்மையில் ஒரு பிராணியாகும். பாறையில் அடியைப் பதித்து, கொட்டும் தன்மையுள்ள விரல் போன்ற கைகளை விரித்து இரை பிடிப்பது அதன் இயல்பு. சிறு மீன்கள் அதனிடம் அகப்பட்டால் தப்புதல் அரிது. வெண்பட்டைகள் தாங்கிய கோமாளி மீனோ அக்கைகளின் நடுவிலேயே குடியிருக்கும். அதன் உடலைப் போர்த்துள்ள சளி அதனைக் காக்கின்றது. மீனின் கழிவு கடற்சாமந்திக்குப் பசளையாகின்றது. அதனைக் கடிக்க வரும் வேறு மீன்களைக் கோமாளி மீன் துரத்துகின்றது.

கடற்சாமந்தியின் தசைக்குள்ளே நுண்ணிய பாசியினங்கள் வாழ்ந்து, ஒளியைக் கொண்டு உணவு ஆக்கி அதற்கு ஊட்டுகின்றன. பயற்றின் வேர்முடிச்சிலுள்ள பற்றீரியா செடிக்கு நைதரசன் தருவதை அறிந்த கமக்காரருக்கு இது புதுமையன்று. ஒளி குன்றினால் பாசி அழிந்து, கடற்சாமந்தி வெளிறி மெலியும்.

தொட்டி அமைத்த வாரத்திலேயே கடற்சாமந்தியை வாங்கிவிடுதல் பெருந்தவறு. பச்சைச் சாணத்தை நாற்றின் அடியில் இடுபவர் எவருமிலர். தொட்டி நீரும் அவ்வாறே பக்குவமடைதல் வேண்டும். மீன் கழிவிலிருந்து தோன்றும் அமோனியா நஞ்சாகும். அதனைப் பற்றீரியாக்கள் முதலில் நைத்திரைற்றாகவும் பின் நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. இவை தொட்டியிற் பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லும். அதன் பின்னரே மீன் விடலாம். கடற்சாமந்திக்கு ஆறு மாதமேனும் பொறுத்திருத்தல் நலம். தொட்டியும் ஏறத்தாழ 200 இலீற்றர் கொள்வதாக இருத்தல் வேண்டும்.

கண்டியிலிருந்து கடல் தொலைவாகையால், கடலுப்புக் கலவையை வாங்கி, இலீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் வீதம் கரைத்தலே வழி. சமையல் உப்பு உதவாது. குழாய் நீராயின் முதலில் குளோரீனை நீக்குக. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலுள்ள இப்பகுதியில் மார்கழி, தை இரவுகள் குளிர்ந்தவை. நீரை 25 முதல் 27 பாகை செல்சியசில் வைத்திருக்கச் சூடாக்கி வேண்டியிருக்கும்.

கமக்காரர் வீட்டுக்கே உரிய ஆபத்தொன்றுண்டு. செப்புச் சேர்ந்த பங்கசுநாசினி மிகச் சிறிதளவு கலந்தாலும் கடற்சாமந்தி மடியும். மருந்து கலக்கிய வாளியைத் தொட்டிக்கு எடுத்தல் கூடாது. தெளித்த கையை நன்கு கழுவாமல் நீரில் இடுதலும் கூடாது. மேலும், இப்பிராணி இடம்பெயரும். நீர் இறைக்கும் பம்பியின் வாயில் அகப்பட்டுக் கிழிந்தால் அழுகி, தொட்டி முழுவதையும் கெடுத்துவிடும். பம்பியின் வாய்க்குக் கடற்பஞ்சு இடுக. வாய் பிளந்து, சுருங்கி, துர்நாற்றம் வீசும் கடற்சாமந்தியை உடனே அகற்றுக.

நன்கு பேணினால் இவ்வினம் நெடுநாள் வாழக்கூடியது. ஸ்கொட்லாந்தில் சேர் ஜோன் டல்யெல் என்பவர் 1828ல் கடற்கரையிலிருந்து கொணர்ந்த வேறினக் கடற்சாமந்தியொன்று கண்ணாடிச் சாடியில் 1887 வரை உயிருடனிருந்தது. எனினும் கோமாளி மீன் கடற்சாமந்தி இன்றியும் தொட்டியில் நலமாக வாழும்; ஆதலால் புதிதாகத் தொடங்குபவர் மீனை மட்டும் வளர்ப்பதே சிக்கனமானது.

இரு வாரத்துக்கொருமுறை பத்திலொரு பங்கு நீரை மாற்றுக. கழித்த உப்பு நீரை வயல் வாய்க்காலிலோ மரக்கறிப் பாத்தியிலோ ஊற்றலாகாது. போஞ்சி உப்பைச் சிறிதும் தாங்காது. நெல் நாற்றும் கருகும். வீட்டுக் கழிவுநீர்க் குழாயிலேயே அதனை விடுக.