பழைய இத்தாலியத் துப்பாக்கியை மதிப்பிடுவது எவ்வாறு?

இத்தாலியில் தயாரிக்கப்பட்ட பழைய இரட்டைக்குழல் வேட்டைத் துப்பாக்கியொன்று பரம்பரைச் சொத்தாகக் கைமாறும்போது, அதனைப் பெறுபவர் முதலில் தேடுவது குழலின் மேற்புறத்தில் பொறிக்கப்பட்டுள்ள பெயரையேயாகும். பெரெற்றா, பெர்னார்தெல்லி போன்ற பெயர்கள் தென்பட்டால் பெருந்தொகையை எதிர்பார்ப்பதும், அறிந்திராத பெயராயின் கேட்ட விலைக்குக் கொடுத்துவிடுவதும் வழமையாக உள்ளன. இவை இரண்டுமே உரிமையாளருக்கு நட்டத்தை ஏற்படுத்தக்கூடியவை என்பதைச் சுட்டிக்காட்ட விரும்புகின்றோம். நட்டம் பணத்துடன் நின்றுவிடாமல் கையையும் கண்ணையும் பறிக்கும் சந்தர்ப்பங்களும் உண்டு.

வட இத்தாலியின் பிரெஷியா மாகாணத்திலுள்ள வால் துரொம்பியா பள்ளத்தாக்கு பல நூற்றாண்டுகளாகத் துப்பாக்கித் தொழிலுக்குப் பெயர்பெற்றது. வெனிஸ் குடியரசின் ஆயுதசாலைக்கு 185 குழல்களை வழங்கியமைக்காக 1526 ஆம் ஆண்டில் பெரெற்றா குடும்பத்தவர் பெற்ற கொடுப்பனவின் பதிவு இன்றும் உள்ளது. ஆயினும் பள்ளத்தாக்கின் தொழில் அந்த ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரியதன்று. கார்தோனே நகரிலும் அயற்கிராமங்களிலும் இயங்கிய சிறு பட்டறைகளில் ஒருவர் குழலைச் செய்ய, மற்றொருவர் பொறியைச் செய்ய, வேறொருவர் சித்திரம் செதுக்க, முடிவில் வெளிநாட்டு இறக்குமதியாளரின் பெயர் பொறிக்கப்பட்டு அனுப்பப்பட்ட துப்பாக்கிகள் ஏராளம். எனவே, பெயர் அறியப்படாதது என்பதால் வேலைப்பாடு மட்டமானது என்று கொள்வதற்கில்லை. மறுபுறம், குழலில் காணப்படும் ‘அச்சாயோ’ என்ற சொல்லைத் தயாரிப்பாளரின் பெயரெனக் கருதி ஏமாந்தவர்களும் உளர். அது உருக்கு என்பதற்கான இத்தாலியச் சொல். அதனை அடுத்து வரும் ‘கொன்யே’ போன்ற பெயர்கள் உருக்காலையைக் குறிப்பவை.

உண்மையான விபரங்கள் குழல்களின் அடிப்புறத்திலேயே உள்ளன. துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை உறுதிசெய்து, குழல்களைக் கழற்றித் திருப்பிப் பார்த்தல் வேண்டும். இத்தாலியத் துப்பாக்கிகள் விற்பனைக்கு விடப்படுமுன் கார்தோனேயிலுள்ள தேசியப் பரீட்சிப்பு நிலையத்தில், வழமையிலும் கூடிய அழுத்தமுடைய தோட்டாவை வெடிக்கச் செய்து சோதிக்கப்படுகின்றன. தேறியவற்றில் முத்திரை இடப்படும். அம்முத்திரைகளுக்கு அருகே சிறிய கட்டத்துள் காணப்படுவது சோதித்த ஆண்டின் குறியீடாகும். ரோமன் இலக்கத்தில் பத்து என்றிருப்பின் 1954, இருபது எனின் 1964, முப்பது எனின் 1974. 1975 இலிருந்து ‘ஏஏ’ எனத் தொடங்கும் ஈரெழுத்துக் குறியீடுகள் இடம்பெற்றன.

‘பிஎன்’ என்ற எழுத்துகள் கரும் வெடிமருந்தினாலும், ‘பிஎஸ்எவ்’ என்பவை புகையற்ற வெடிமருந்தினாலும் சோதிக்கப்பட்டமையைக் குறிக்கும். இக்காலத் தோட்டாக்கள் புகையற்ற மருந்தினாலானவை என்பதால் இவ்வேறுபாடு உயிராபத்துடன் தொடர்புடையது. தோட்டா அறையின் நீளமும் அவ்வாறே. பழைய துப்பாக்கிகள் பலவற்றில் அது 65 மில்லிமீற்றர். இன்று பரவலாக விற்பனையாகும் 70 மில்லிமீற்றர் தோட்டா அதனுள் எவ்விதத் தடையுமின்றி நுழைந்துவிடும். ஆனால், தோட்டாவின் நீளம் வெடித்து விரிந்த பின்னரே அளவிடப்படுகின்றது. விரிந்த வாய் அறைக்கு அப்பாலுள்ள ஒடுங்கிய பகுதியை மறிப்பதால் அழுத்தம் உயர்கின்றது. உள்ளே நுழைகின்றது என்பதைப் பொருத்தத்துக்கான சான்றாகக் கொள்வது பேராபத்தாகும்.

கிலோகிராமில் பொறிக்கப்பட்டுள்ள குழல்களின் நிறையை வாசகர்கள் குறித்து வைத்தல் நன்று. தராசில் இட்டுப் பார்க்கையில் அது கணிசமாகக் குறைந்திருப்பின், துருவின் வடுக்களை நீக்குவதற்காக எவரோ உட்புறத்தைக் கடைந்திருக்கக்கூடும். குழலின் சுவர் மெலிந்திருக்கும். குழல்களின் முனைகள் ஒன்றையொன்று தொடாது இடைவெளியுடன் காணப்படின், அவை வெட்டிக் குறுக்கப்பட்டவையா என்று சந்தேகிக்க வேண்டும்.

விலையைப் பொறுத்தவரை, இத்தாலியத் துப்பாக்கிகளில் மிகுதியானவை 1875 இல் பர்மிங்ஹாமில் உருவான அன்சன் - டீலி முறையிலான பெட்டிப்பொறியைக் கொண்டவை. பக்கத்தகட்டில் பொருத்தப்பட்ட பொறியுடையவை பொதுவாக இவற்றிலும் விலை கூடியவை. எனினும் பெட்டிப்பொறியின் வெளியே அழகுக்காக மட்டும் தகடு பொருத்தும் வழக்கமும் உண்டு; விற்பவர் சொல்வதை நம்பி வாங்குவோர் இங்கேதான் பெரும்பாலும் பணத்தை இழக்கின்றனர். வெற்றுத் தோட்டாவைத் தானாக வெளித்தள்ளும் அமைப்பும், ‘புலினோ’ எனப்படும் நுண்ணுளியால் கையாற் செதுக்கிய சித்திரமும் விலையை உயர்த்துவன. மூடிய நிலையில் குழல்கள் ஆட்டங்காணுதல், உட்புறத் துருக்குழிகள், நெளிவு ஆகியன புகழ்பெற்ற பெயரின் விலையையும் சரித்துவிடும். விலையை ஒப்பிடும்போது விற்பவர்கள் கேட்கும் தொகையை அன்றி, ஏலங்களில் உண்மையாகவே கொடுக்கப்பட்ட தொகையையே நோக்க வேண்டும்.

விற்பனைக்கு முன்னர் மெருகேற்றுவதை நாம் பரிந்துரைக்க மாட்டோம். உப்புத்தாளால் தேய்த்தால் பிடியின் பழைய மெருகும், குழலின் அடிப்புற முத்திரைகளும் ஒருசேர அழிந்துபோகும். அனுமதிப்பத்திரம் இல்லாத துப்பாக்கியாயின் மதிப்பீட்டுக்கு முன்னரே அதனைச் சட்டப்படி பதிவுசெய்வதற்கோ ஒப்படைப்பதற்கோ உரிய அதிகாரிகளை நாடுதல் அவசியம்.