வாயசைத்த பிள்ளை

சங்கீதத்தைப் பற்றி எழுத இவனுக்கு என்ன உரிமை என்று கேட்பவர்கள் இருக்கலாம். கேட்பது நியாயமே. நான் தமிழ் கற்பிப்பவன்; சங்கீத வித்துவான் அல்லேன். இளமையிற் பண்ணிசை சிறிது கேட்டுப் பழகியதுண்டு, அவ்வளவே. ஆயினும் தீர்க்க வேண்டிய கடன் ஒன்று இருக்கின்றது.

ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், வாணி விழாவுக்குத் தேவாரம் பாடும் பிள்ளைகளைப் பழக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. சங்கீத ஆசிரியை விடுமுறையில் இருந்தார். பன்னிருவர் பாடினர். பதினொருவர் ஒரு வழி. ஒருவன் தனி வழி. வயது பதினான்கு. மற்றைப் பிள்ளைகள் மேலே ஏறுமிடத்தில் அவன் குரல் எங்கேயோ பள்ளத்தில் விழும். நான்கு நாட் பொறுத்தேன். ஐந்தாம் நாள், "தம்பி, நீ வாயை மட்டும் அசை, போதும்" என்றேன். மற்றையோர் சிரித்தனர். அவன் அசைத்தான். விழா சிறப்பாக நிறைவேறியது.

சனிக்கிழமைகளில் என் வீட்டு விறாந்தையிற் சில சிறுவர்க்குத் தமிழும் தேவாரமும் சொல்லிக்கொடுப்பது வழக்கம். சென்ற ஆண்டு அவன் (அவர் என்றல்லவா சொல்லவேண்டும்!) தம் ஆறு வயது மகளை அங்கே அழைத்து வந்தார். "வீட்டிற் பிள்ளையோடு சேர்ந்து பாடுவீரோ?" என்றேன்.

"தாலாட்டுக்கூட நான் பாடினதில்லை ஐயா. எனக்குச் சுருதி இல்லை எண்டு அப்பவே நீங்கள் கண்டு சொன்னனீங்கள் அல்லவோ?"

மனத்தாங்கலோடு சொன்னாரல்லர், நன்றியோடு சொன்னார். அதுதான் என்னைச் சுட்டது.

நான் என்ன கண்டேன்? ஒன்றுங் காணவில்லை. பதினான்கு வயது, மகரக்கட்டு உடையும் வயது. ஆண்பிள்ளையின் குரல் அப்போது ஏறத்தாழ ஒரு தாயி அளவு கீழிறங்கும். சிறுமியர்க்கு ஏற்ற ஐந்து கட்டையிற் சுருதியை வைத்துவிட்டு, அந்த உயரத்தை எட்ட முடியாதவனைச் செவியற்றவன் என்று தீர்த்துவிட்டேன். தொண்டையின் துன்பத்தைச் செவியின் குற்றமாக்கினேன். சுரம் விலகிப் பாடுவோரிற் பெரும்பாலார்க்குக் கேட்குஞ் செவி செவ்வையாகவே இருக்கின்றது என்றும், குரலை ஆளுவதே அவர்க்கு வசப்படவில்லை என்றும் இக்கால ஆய்வாளர் சொல்லுகின்றனர். ஒலியின் ஏற்றத் தாழ்வை உண்மையிலே பகுத்தறிய இயலாதவர் நூற்றுக்கு மிகச் சிலரே.

ஆதலின் தந்தையையும் மகளையும் ஒருங்கே இருத்தினேன். பாடச் சொல்லவில்லை, கேட்கச் சொன்னேன். சுருதிப் பெட்டியில் இரண்டு ஒலிகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒலிப்பித்து, "எது மேலே?" என்றேன். தந்தை ஒன்றேனும் பிழைக்கவில்லை. மகள் பிழைத்தாள். ஏனென்று ஆராய்ந்தபோது பிழை வினாவில் இருந்தது. "மேலே" என்றால் உரத்த ஒலி என்று பிள்ளை கருதியிருந்தாள். அவள் கருதியதில் என்ன தவறு? வானொலியைக் "கூட்டு" என்கிறோம், "குறை" என்கிறோம். உரப்புக்கும் உயர்ச்சிக்கும் வேறுபாடு காட்டுகிறோமில்லை. உண்மையில் ஒலிக்கு மேலுமில்லை, கீழுமில்லை. வீணையிற் சுரம் ஏறும்போது இடக்கை மேலே செல்வதில்லை; குதிரையை நோக்கி வலப்புறம் நகர்கின்றது. மேல் என்பது ஒரு வழக்கு. வழக்கைக் கற்பியாமல் வினாவை மட்டும் எழுப்புதல் ஆசிரியர்க்கு அழகன்று. மெல்லிய உயர்ந்த ஒலியையும் உரத்த தாழ்ந்த ஒலியையும் அடுத்தடுத்துக் கேட்பித்தேன். இரண்டு கிழமையில் அவள் தெளிந்தாள்.

அடுத்தது பலகை. இரண்டு மரத்துண்டுகளை 90 சென்ரிமீற்றர் இடைவிட்டு நிறுத்தி வீணைத் தந்தி ஒன்றை இழுத்துக் கட்டினோம். வெறுந் தந்தியை மீட்டினால் சட்சம். 60 அளவில் மூன்றாந் துண்டைத் தந்திக்கு அடியிற் செருகி நீண்ட பாகத்தை மீட்டினால் பஞ்சமம். 67½ இல் மத்திமம். நடுவே, 45 இல், மேற்சட்சம். நின்ற நரம்புக்கு ஐந்தாம் நரம்பைக் கிளை என்றும், நான்காம் நரம்பை நட்பு என்றும் நம் பழைய இசைநூலார் வழங்கினர். விபுலாநந்த அடிகள் விஞ்ஞானமும் தமிழும் ஒருங்கு கற்றவராதலின், இத்தகைய நரம்பளவுகளைக் கணித முறையால் ஆராய்ந்து, 1947இல் அரங்கேறிய யாழ்நூலில் விரித்துரைத்தார். என் மாணவிக்குக் கணிதம் வேண்டியதில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு, பஞ்சமத்தைக் கேட்டால் "கிளை" என்பாள். மத்திமத்தைக் கேட்டால் "நட்பு" என்பாள். சட்சத்துக்கு அவளே ஒரு பெயரிட்டாள்: "வீடு."

இனித் தாளம். இங்கே தமிழாசிரியர்க்கு ஒரு செய்தி உண்டு. தேமா, நெடில் இரண்டு, நான்கு மாத்திரை. புளிமா, குறில் இரண்டு நெடில் ஒன்று. அதுவும் நான்கு மாத்திரை. ஒரே சீராகக் கைதட்டிக்கொண்டு, தட்டுக்கு ஒரு சீராக இரண்டையும் மாறிமாறிச் சொல்லச் செய்யுங்கள். காலம் ஒன்று, எழுத்துத் தொகை வேறு என்பதைப் பிள்ளையின் கை அறிந்துவிடும். கூவிளமும் கருவிளமும் மெய்யின் அரை மாத்திரையால் மட்டுமே மிகும். விரலை மடக்கி அசை பிரிப்பதில் ஓராண்டு தடுமாறிய மாணவர் இவ்வாறு ஒரு மாதத்தில் தேறியதைக் கண்டிருக்கின்றேன். அளவெட்டியிலும் இணுவிலிலும் தவில் வாசிக்குங் குடும்பங்களிற் பிள்ளை கருவியைத் தொடுமுன்பே தகிட, தகதிமி என்னும் சொற்கட்டுக்களைக் கேட்டு வாயாற் சொல்லிவிடுகின்றது. ஹங்கேரி நாட்டுக் கொடாய் (1882–1967) என்னும் இசையறிஞரும் முதலிற் பாட்டு, பின்னரே கருவி என்று பள்ளிகளில் வற்புறுத்தினார்.

நம் வீடுகளில் நடப்பது மறுதலை. ஐந்து வயதில் மின்விசைப் பலகை ஒன்று வாங்கப்படுகின்றது. கட்டையை அழுத்தினால் சுரம் தானே வரும், செவி தேடவேண்டியதில்லை. பின்பு பரீட்சை. "பிள்ளை எத்தனையாந் தரம்?" என்று உறவினர் கேட்கின்றனர். பிள்ளை என்ன கேட்டது என்று கேட்பாரில்லை. பிறந்து மூன்று நாளும் நிரம்பாத சிசு, பிற மகளிர் குரலினின்றும் தாயின் குரலைப் பிரித்து விரும்புகின்றது என 1980இல் அமெரிக்க ஆய்வாளர் இருவர் காட்டினர். இசைப் பள்ளி தொட்டிலடியிலே தொடங்கிவிடுகின்றது; அங்கே ஆசிரியர் தாயுந் தந்தையும். கைத்தொலைபேசியிலே தம்புரா ஒலிக்குங் காலம் இது. மாலையில் விளக்கேற்றியபின் பத்து நிமிடம் அதனை ஒலிக்கவிட்டு, வீட்டார் அனைவரும் வாய்மூடி முனகினாற் போதும். செலவில்லை, பரீட்சையுமில்லை.

என் பழைய மாணாக்கர்க்கு ஆதார சுருதி ஒரு கட்டையில் அகப்பட்டது. அதிலே நின்று முனகுகின்றார், விலகுவதில்லை. கிணற்றடியில் தனித்து நின்று பாடுவதாக மகள் எனக்கு இரகசியஞ் சொன்னாள். சனிக்கிழமைதோறும் அவளுக்குப் பின்னால் அமர்ந்து கிளையும் நட்பும் பிழையறச் சொல்லுகின்றார். தேவாரம் தொடங்கினால் மாத்திரம், ஒருமுறை என் முகத்தைப் பார்த்துவிட்டு, இன்னும் வாயைத்தான் அசைக்கின்றார்.