"ஸ்பானிஷ் படிச்சு என்ன பண்ணப் போறா?"

காலை நிகழ்ச்சி முடிந்து ஒலிபரப்பு அறையை விட்டு வெளியே வந்து கைப்பேசியைப் பார்த்தால், அக்காவிடமிருந்து ஏழு அழைப்புகள். பதறிப்போய்த் திருப்பி அழைத்தேன்.

"நீ சொன்னாத்தான் கேப்பா. இந்த வாரம் கண்டிப்பா வீட்டுக்கு வா."

விஷயம் இதுதான். எஸ்டிபிஎம் முடித்திருந்த அக்கா மகளுக்கு மலாயாப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது. தெருவுக்கே இனிப்புக் கொடுக்க வேண்டிய செய்தி. ஆனால், கிடைத்த படிப்பு ஸ்பானிய மொழி. தவறிக் கிடைத்ததும் இல்லை. யூபியூ விண்ணப்பத்தில் முதல் தேர்வாக அவளே போட்டிருக்கிறாள். வீட்டில் யாருக்கும் தெரியாது. மாமாவோ (அக்காவின் கணவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன்) தனியார் கல்லூரி ஒன்றில் கணக்கியலுக்கு முன்பணமே கட்டிவிட்டார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் அவளைத் தடுக்கத்தான் கிள்ளானுக்குப் போனேன். நான் ஊடகத்துறை எடுத்தபோது, "ரேடியோவுல பேச எதுக்குப் பட்டம்? வாய் இருந்தாப் பத்தாதா?" என்று கேட்டவர் என் அப்பா. அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லி முடிக்கப் பல வருடங்கள் ஆயின. என்னோடு படித்தவர்களில் பாதிப் பேர் இன்று வேறு துறையில் இருக்கிறார்கள். முதல் சம்பளத்துக்காகக் காத்திருந்த மாதங்கள் எனக்கு மறக்கவில்லை.

மாமாக் கடையில் உட்கார்ந்து இரண்டு தே தாரேக் சொல்லிவிட்டு, "எங்கேருந்துடி வந்துச்சு இந்த ஆசை?" என்று ஆரம்பித்தேன்.

"நீங்கதான் காரணம், சித்தி."

2017இல் 'டெஸ்பசித்தோ' பாட்டு உலகத்தையே ஆட்டிப் படைத்தது உங்களுக்கு நினைவிருக்கும். என் காரில் அது ஓடாத நாள் இல்லை. அப்போது இவள் படிவம் ஒன்று. அந்த ஜூலையில், பாடல் வரிகளின் பொருளைப் பற்றிப் புகார்கள் வந்ததால், நம் நாட்டு அரசு வானொலி அதை ஒலிபரப்புவதை நிறுத்தியது. அதுவரை பொருள் தெரியாமலே வாய்விட்டுப் பாடிக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருத்தி. வார்த்தையை வைத்துப் பிழைப்பவள் நான்!

"அப்படி என்னதான் பாடுறாங்கன்னு தேட ஆரம்பிச்சேன். அர்த்தம் தெரிஞ்சப்ப எனக்கே வெக்கமாப் போச்சு. ஆனா அதுக்குள்ள மொழி புடிச்சிப்போச்சு" என்று சிரித்தாள். பிறகு கடைக்காரர் வைத்த பில்லைத் திருப்பி, பின்பக்கத்தில் ஒரு வரி எழுதிக் காட்டினாள்.

*எனக்குப் பிடிக்கும்*

மே குஸ்தா எல் கஃபே.

"இதை இங்கிலீஷ்ல சொல்லாதீங்க சித்தி, தமிழ்ல சொல்லுங்க. மே, எனக்கு. குஸ்தா, புடிக்குது. எல் கஃபே, காப்பி. எனக்குக் காப்பி புடிக்குது. அவ்வளவுதான்."

ஆங்கிலத்தில் 'நான்' காப்பியை விரும்புகிறேன். தமிழிலும் ஸ்பானிய மொழியிலும் காப்பி 'எனக்கு'ப் பிடிக்கிறது. தலைவலி வந்தாலும் இதே கதைதான். 'மே துவேலே லா கபேசா' என்றால் எனக்குத் தலை வலிக்கிறது. ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள் தடுமாறும் முதல் மேடுகளில் இதுவும் ஒன்று. தமிழ் பேசும் பிள்ளை அதைத் தாண்டுவது தெரியாமலே தாண்டிவிடும்.

படிப்பில் சேர்ந்த பிறகு இப்படி இன்னும் பலவற்றைப் பிடித்து அனுப்பிக்கொண்டே இருந்தாள். 'பேசுகிறேன்' என்றால் போதும், 'நான்' தேவையில்லை. அங்கேயும் 'ஆப்லோ' என்றால் போதும், யார் பேசுவது என்பதை வினைச்சொல்லின் வால் சொல்லிவிடும். நீ, நீங்கள் என்று நமக்கு இருப்பதைப் போல அவர்களுக்குத் 'தூ', 'உஸ்தெத்'. எனக்கு மிகவும் பிடித்தது இது: 'ஒரு வீடு பார்த்தேன்' என்று நாம் சொல்வோம். ஆனால் 'அம்மா பார்த்தேன்' என்று சொல்ல மாட்டோம். 'அம்மாவைப் பார்த்தேன்' என்றுதான் வரும். ஸ்பானிய மொழியிலும் பார்த்தது வீடு என்றால் 'வி ஊனா காசா'. அம்மா என்றால் நடுவில் ஓர் 'ஆ' சேர்த்து 'வி ஆ மி மாத்ரே'. பொருளுக்கு ஒரு விதி, மனிதருக்கு ஒரு விதி.

எல்லாமே இவ்வளவு சுலபம் என்று நினைத்துவிட வேண்டாம். நமக்கு மேசை அஃறிணை. அவர்களுக்கு மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால். ஒவ்வொரு பெயர்ச்சொல்லையும் பாலோடு சேர்த்து மனப்பாடம் செய்ய வேண்டும். விருப்பம், சந்தேகம், நடக்காத காரியம் ஆகியவற்றைச் சொல்வதற்கென்று வினைச்சொல்லுக்குத் தனி வடிவங்கள் உண்டு. முதலாண்டில் அதை நினைத்து ஓரிரு முறை அழுதும் இருக்கிறாள்.

*மொழி மட்டும் இல்லை*

ஸ்பானிய மொழியைப் பட்டப்படிப்பாக எடுப்பது என்றால் நான்கு வருடம் இலக்கணப் பயிற்சி என்று நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. மொழி, இலக்கியம், பண்பாடு என்று மூன்று பக்கங்கள் உண்டு. எதற்கு எவ்வளவு இடம் என்பது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். மலாயாப் பல்கலைக்கழகத்தில் இது மொழி, மொழியியல் புலத்தின் கீழ் வருகிறது. அதே புலத்தில் தமிழும் இருக்கிறது.

பண்பாட்டுப் பாடம் எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. 711இல் தொடங்கி 1492 வரை ஸ்பெயினின் ஏதோ ஒரு பகுதியிலாவது முஸ்லிம் ஆட்சி இருந்தது. அதனால் அரபுச் சொற்கள் அந்த மொழியில் ஏராளம். 'அப்படி நடக்கட்டுமே' என்று ஏங்கும்போது அவர்கள் சொல்லும் 'ஓஹாலா' என்ற சொல்லுக்குள் அல்லாவின் பெயர் இருக்கிறது. நம் பக்கத்து வீட்டு மாக்சிக் சொல்லும் 'இன்ஷா அல்லா'வுக்கு அது தூரத்து உறவு. அவர்களுடைய 'மேசா' நமக்கு மேசை, மலாயில் மேஜா. 'சப்பாத்தோ' நமக்குச் சப்பாத்து, மலாயில் செப்பாத்து. இவற்றை நம் பக்கம் கொண்டுவந்து சேர்த்தவர்கள் போர்த்துகீசியர்கள். திரும்பிப் போன சொல்லும் உண்டு. நம்முடைய மாங்காய் மலாயில் மங்காவாகி, போர்த்துகீசியம் வழியாகப் போய், ஸ்பெயினில் 'மாங்கோ' ஆனது.

இந்த மொழி நமக்கு அவ்வளவு தூரத்திலும் இல்லை. 1565 முதல் 1898 வரை பிலிப்பீன்ஸ் ஸ்பெயினின் கையில் இருந்தது. அந்நாட்டின் தேசிய வீரர் ஹோசே ரிசால், காலனி ஆட்சியைத் தோலுரித்து 1887இல் வெளியிட்ட நாவலை எழுதியதும் ஸ்பானிய மொழியில்தான். சிங்கப்பூர் ஆற்றங்கரையில், ஆசிய நாகரிக அரும்பொருளகத்துக்கு அருகில் அவருக்கு ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. அடுத்த முறை போகும்போது நின்று பாருங்கள்.

இலக்கியம் என்றால், 1605இலும் 1615இலும் இரண்டு பாகங்களாக வந்த செர்வாந்தேஸின் 'தோன் கிஹோத்தே'யிலிருந்து, 1982இல் நோபல் பரிசு பெற்ற கொலம்பியாவின் கார்சியா மார்க்கேஸ் வரை நீள்கிறது. அவருடைய 'தனிமையின் நூறு ஆண்டுகள்' தமிழிலும் வந்திருக்கிறது. வாங்கி வைத்தேன். ஒரே பெயரில் அப்பா, மகன், பேரன் என்று வந்து குழப்பியதில் பாதியில் நிற்கிறேன்.

*அந்த ஒரு பக்கம்*

இரண்டாம் ஆண்டில் ஒரு நாள், இரவு பதினொரு மணிக்கு அழைத்தாள். என் காலை நிகழ்ச்சிக்காக நான் சீக்கிரம் தூங்கிவிடுவேன் என்பது அவளுக்குத் தெரியும். அந்த நேரத்தில் அழைக்க மாட்டாள்.

பாப்லோ நெருதா. சிலி நாட்டுக் கவிஞர். 1971இல் நோபல் பரிசு பெற்றவர். தமிழிலும் அவருக்கு வாசகர்கள் உண்டு. இளம் வயதில் கொழும்பில் சிலியின் தூதரக அதிகாரியாக இருந்தார். அவர் இறந்த பிறகு 1974இல் வெளிவந்த நினைவுக் குறிப்புகளில், அந்த வீட்டில் மலவாளியை அள்ளிச் சுத்தம் செய்த தமிழ்ப் பெண் ஒருத்தியைப் பற்றி ஒரு பகுதி வருகிறது. அவள் சம்மதிக்காமலே ஒரு நாள் அவளைக் கையைப் பிடித்து இழுத்துப்போனதை அவரே எழுதியிருக்கிறார். நடந்த நேரம் முழுவதும் அவள் கண்களைத் திறந்தபடி அசையாமல் இருந்ததாகவும் எழுதியிருக்கிறார். அவள் பெயர் அதில் இல்லை. 2018இல் சிலியின் தலைநகர் விமான நிலையத்துக்கு அவர் பெயரைச் சூட்டலாம் என்ற யோசனை வந்தபோது, பெண்கள் அமைப்புகள் எதிர்த்து நின்றதற்கு இந்தப் பகுதியே காரணம்.

கவிதை வகுப்புக்குத் தயாராகிறேன் என்று நூலகத்தில் அந்தப் புத்தகத்தை எடுத்திருக்கிறாள். அவள் வகுப்பில் தமிழ்ப் பிள்ளை அவள் ஒருத்திதான்.

"மூணு தடவ படிச்சேன், சித்தி. நான்தான் தப்பாப் புரிஞ்சிக்கிட்டேனோன்னு அகராதியை எல்லாம் பாத்தேன். தப்பில்ல." கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு சொன்னாள்: "அவரு பேசினது அவங்களுக்குப் புரியல. அவங்க மொழி அவருக்குத் தெரியாது. எனக்கு ரெண்டு மொழியும் தெரியும்."

மைக் முன்னால் பதினோரு வருடமாகப் பேசுகிறேன். அன்று எனக்குப் பதில் வரவில்லை.

அடுத்த வாரம் வகுப்பில் எழுந்து அந்தப் பக்கத்தைப் பற்றிப் பேசியிருக்கிறாள். அதுவும் ஸ்பானிய மொழியிலேயே. நெருதாவின் கவிதைகளை அவள் தூக்கி எறியவில்லை. அவற்றைப் பற்றித்தான் கட்டுரை எழுதினாள். ஆனால், அந்தப் பெண்ணைச் சொல்லாமல் எழுதவில்லை.

'மொழியும் இலக்கியமும் படித்து என்ன பிரயோசனம்' என்று யாராவது கேட்டால், இப்போது நான் இந்த இரவைத்தான் சொல்கிறேன். நம்மைப் பற்றி இன்னொரு மொழியில் எழுதிவைத்திருப்பதை நாமே படித்துப் பதில் சொல்ல நம்மில் ஒருவராவது வேண்டும்.

*சரி, வேலை?*

மாமாவின் கேள்வியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அவர் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் மேற்பார்வையாளர். ஒவ்வொரு ரிங்கிட்டும் கணக்குப் பார்த்து வந்தது. "இப்பத்தான் போனே மொழிபெயர்க்குதே, இதுக்கு எதுக்குப் பட்டம்?" என்று கேட்டார்.

கேள்வியில் பாதி நியாயம். நேரடியான, எளிய மொழிபெயர்ப்பு வேலைகளை இயந்திரம் எடுத்துக்கொண்டு வருகிறது. மீதிப் பாதிக்கு இதோ ஒரு சின்ன உதாரணம். மெக்சிகோவில் 'ஆவோரீத்தா' என்றால் அகராதிப்படி 'இப்பவே'. ஆனால் சொல்கிற ஆளையும் தொனியையும் பொறுத்து அது ஐந்து நிமிடமாகவும் இருக்கலாம், நாளைக்காகவும் இருக்கலாம். நம் வீட்டில் குளியலறைக்குள் இருந்துகொண்டே "தோ கெளம்பிட்டேன்" என்பதைப் போல. அதற்கு ஆளைப் புரிந்த ஆள் வேண்டும்.

ஸ்பானிய மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் சுமார் 50 கோடிப் பேர். இருபது நாடுகளில் ஆட்சிமொழி. கோலாலம்பூர், சைபர்ஜெயா, பினாங்கு பக்கம் பன்னாட்டு நிறுவனங்களின் சேவை மையங்கள் மொழி தெரிந்தவர்களைத் தேடுகின்றன. ஆனால் மெக்சிகோவுக்கும் நமக்கும் 14 மணி நேர வித்தியாசம். அந்த நாட்டு வாடிக்கையாளர் என்றால் இரவுப்பணி இருக்கும். இதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

பிள்ளை மொழிப் படிப்பு கேட்டால், சண்டைக்கு முன் நான்கு விஷயம் விசாரியுங்கள். பாடத்திட்டத்தில் மொழி, மொழியியல், இலக்கியம் எவ்வளவு என்று பாருங்கள். படிப்பு முடியும்போது எந்த நிலையை எட்டலாம் என்று கேளுங்கள். செர்வாந்தேஸ் நிலையம் நடத்தும் தெலே தேர்வில் பி2 அல்லது சி1 கையில் இருந்தால்தான் பேச்சு எடுபடும். வணிகம், ஊடகம், கற்பித்தல், கணினி என்று இரண்டாவது திறன் ஒன்றைக் கூடவே வளர்க்க முடியுமா என்று பாருங்கள். கடைசியாக, ஒரு பருவமாவது அந்த மொழி பேசும் நாட்டில் படிக்க வழி இருக்கிறதா என்று விசாரியுங்கள். பட்டமாக வேண்டாம், தொட்டுப் பார்க்கலாம் என்றால், சிங்கப்பூரில் என்யுஎஸ், என்டியு இரண்டிலும் ஸ்பானிய மொழியைப் பாடமாக எடுத்துப் படிக்கலாம்.

மாமா கட்டிய முன்பணம் திரும்பவில்லை. முதல் பருவம் முழுக்க மகளிடம் தேவைக்கு மேல் பேசவில்லை. "சாப்பிட்டியா", "காசு இருக்கா", அவ்வளவுதான். இப்போது அவள் மூன்றாம் ஆண்டு. இன்னும் "வேலை என்ன ஆகும்" என்றுதான் கேட்கிறார். கேட்கட்டும். அப்பா என்றால் கேட்கத்தான் செய்வார்.

ஆனால் இந்தச் சீனப் புத்தாண்டுக்கு முன்னால் ஒன்று நடந்தது. கிடங்குக்குச் சிலி நாட்டுச் செர்ரிப் பழப்பெட்டிகள் வந்து இறங்கியிருக்கின்றன. பெட்டியில் அச்சடித்திருந்ததைப் படமெடுத்து மகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்.

"இது என்ன எழுதியிருக்கு?"

மாந்தெனேர் ரெஃப்ரிஹெராதோ. குளிரில் வைக்கவும். இருபது வருடமாகக் குளிர்பதனக் கிடங்கில் வேலை பார்ப்பவருக்கு அது தெரியாதா என்ன? தெரியாவிட்டாலும், படமெடுத்த அதே போன் மொழிபெயர்த்துக் கொடுத்திருக்குமே.

அவர் மகளிடம்தான் கேட்டார். அவளும் பதில் அனுப்பிவிட்டு, அந்தப் படத்தை எனக்கும் அனுப்பினாள்.