பார்த்தும் பார்க்காத போலீஸ்காரர்

போன மாதம் எனக்கும் நண்பன் ஒருத்தனுக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனது. காரணம், சில்லறை.

பஸ்ஸை விட்டு இறங்கி, கண்டக்டர் கொடுத்த மீதியை எண்ணிக்கொண்டே நடந்தேன். (பி.காம். படித்தவனின் வியாதி இது. ஒரு ரூபாய் இடித்தாலும் ராத்திரி தூக்கம் வராது!) டீக்கடை வாசலில் நின்று கையை ஆட்டியிருக்கிறான் நண்பன். நான் அவன் முகத்தை நேராகப் பார்த்துவிட்டே போனேனாம்.

"பார்த்துட்டு, பார்க்காத மாதிரி போறே!"

"சத்தியமா பார்க்கலைடா."

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

எனக்குப் போனது ஒரு டீ. இதே மாதிரி "நான் பார்க்கலை" என்று சொன்னதற்காக அமெரிக்காவில் ஒரு போலீஸ்காரருக்கு 34 மாத ஜெயில் தண்டனை விதித்தார்கள்.

1995 ஜனவரி 25, பாஸ்டன் நகரம். பின்னிரவு. துப்பாக்கிச்சூடு ஆசாமிகளை ஒரு போலீஸ் பட்டாளமே துரத்துகிறது. மஃப்டியில் இருந்த மைக்கேல் காக்ஸ் என்ற கறுப்பின அதிகாரியைக் குற்றவாளி என்று நினைத்து, சக போலீஸ்காரர்களே அடித்து நொறுக்கிவிட்டார்கள். அதே நேரம் கென்னி கான்லி என்ற போலீஸ்காரர் அந்த வழியாக ஓடி, வேலி ஏறிக் குதித்து, நிஜக் குற்றவாளியைப் பிடித்தார்.

"அடிதடியைப் பார்த்தீரா?"

"இல்லை."

யார் நம்புவார்கள்? 1998-ல் பொய்ச்சாட்சி என்று தீர்ப்பு. வேடிக்கை என்னவென்றால், காக்ஸை அடித்தவர்களில் ஒருவர் மீதும் அதற்காகக் கிரிமினல் வழக்கு வரவில்லை. 'பார்க்கவில்லை' என்றவர்தான் மாட்டினார். 2005-ல் தண்டனை ரத்தானது. அதுவும் கண்ணை நம்பி அல்ல. அரசுத் தரப்பு ஒரு ஆவணத்தை மறைத்துவிட்டது என்பதற்காக!

இந்த வழக்கை மனதில் வைத்து, கிறிஸ்டோபர் சாப்ரிஸ் என்ற மனோதத்துவ நிபுணரும் சகாக்களும் ஒரு சோதனை நடத்தி 2011-ல் வெளியிட்டார்கள். முன்னால் ஓடுகிறவர் எத்தனை தடவை தலையைத் தொடுகிறார் என்று எண்ணிக்கொண்டே பின்னால் ஓட வேண்டும். வழியோரம், சுமார் 8 மீட்டர் தள்ளி, மூன்று பேர் கட்டிப்புரண்டு சண்டை (செட்டப்தான்). இருட்டில் அதைக் கவனித்தவர்கள் 35 சதவீதம். பட்டப்பகலில்கூட 56 தான். எண்ணும் வேலையைக் கடினமாக்கியபோது 42. எண்ணவே வேண்டாம் என்றபோது 72.

கண்ணில் கோளாறில்லை. விழித்திரையில் எல்லாம்தான் விழுகிறது. ஆனால் மூளை, மாத முதல் தேதி பேங்க் கவுண்ட்டர் மாதிரி. கவனம் யாருக்கு டோக்கன் கொடுக்கிறதோ அவர்தான் உள்ளே. 1985-லேயே மோரன், டெசிமோன் இருவரும் குரங்குகளின் மூளையில் இதை அளந்தார்கள். ஒரு நரம்பு செல்லின் பார்வை எல்லைக்குள் இரண்டு பொருள். குரங்கு எதைக் கவனிக்கிறதோ அதற்கு செல் துடிக்கிறது. மற்றது கண்ணெதிரே இருந்தும் சத்தம் அடங்கிப் போகிறது. உள்ளே சரியாகவே பதியாத சங்கதி அப்புறம் ஞாபகத்துக்கு எப்படி வரும்? வவுச்சர் இல்லாமல் லெட்ஜரில் என்ட்ரி போட முடியுமா?

இதற்காக கான்லி சொன்னது நிஜம் என்று நிரூபணமாகிவிடாது. நிஜமாக இருக்க முடியும், அவ்வளவுதான்.

அத்தனையையும் நண்பனிடம் போய்ச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான்.

"அந்த போலீஸ்காரன் பார்த்திருப்பான்டா" என்றான்.

டீக்கு நான்தான் காசு கொடுத்தேன். மீதியை எண்ணாமல் பாக்கெட்டில் போட்டேன். வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தால், இரண்டு ரூபாய் குறைகிறது.