போட்டி ரோபோவின் பற்சக்கர விகிதத் தேர்வு: வேகமும் மின்னோட்டமும்

முன்னுரை

அமெரிக்காவில் 1992ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ஃபர்ஸ்ட் ரோபோட்டிக்ஸ் போட்டியில் உயர்நிலைப்பள்ளி மாணவர்கள் தாம் உருவாக்கிய ரோபோக்களைக் களமிறக்குகின்றனர். களத்தில் விரைந்தோடும் ஆற்றலும் எதிரணி ரோபோவைத் தள்ளும் ஆற்றலும் ஒருங்கே வேண்டப்படுகின்றன. இவ்விரண்டையும் பெரிதும் தீர்மானிப்பது பற்சக்கரப் பெட்டியின் விகிதமாகும். உச்ச வேகத்தை மட்டும் நோக்காது, சக்கரம் வழுக்கும் நிலையில் மோட்டார் ஈர்க்கும் மின்னோட்டத்தையும் கணக்கிட்டே அவ்விகிதத்தைத் தெரிவு செய்தல் வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

விகிதமும் வேகமும்

இப்போட்டியில் நெடுங்காலம் பயன்பட்ட சிம் மோட்டார், 12 வோல்ட்டில் சுமையின்றி நிமிடத்திற்கு ஏறத்தாழ 5,330 முறை சுழலும். சுழலவிடாது தடுத்தால் 2.41 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையைத் தந்து 131 ஆம்பியர் ஈர்க்கும். 10.71:1 விகிதப் பெட்டியும் 6 அங்குலச் சக்கரமும் இணைந்தால் சுமையற்ற வேகம் நொடிக்கு ஏறத்தாழ 4 மீட்டராகும். விகிதம் 17:1 ஆனால் வேகம் 2.5 மீட்டராகக் குறையும். சக்கரத்தின் முறுக்குவிசை அதற்கேற்பப் பெருகும்.

வழுக்கும் எல்லை

ரோபோவின் மொத்த எடை 65 கிலோ, உராய்வுக் குணகம் 1, எல்லாச் சக்கரங்களும் மோட்டாரால் இயங்குபவை எனக் கொண்டால், தள்ளுவிசை ஏறத்தாழ 640 நியூட்டனைத் தாண்டாது. அதற்குமேல் சக்கரம் வழுக்கும். இழப்புகளை நீக்கிக் கணக்கிட்டால், 10.71:1 விகிதத்தில் நான்கு மோட்டார்களும் அந்நிலையில் தலா 63 ஆம்பியர் ஈர்க்கும். ஒவ்வொரு மோட்டாருக்கும் உரிய மின்சுற்று முறிப்பானின் அளவோ 40 ஆம்பியர். சிறுபொழுது அது தாங்கும். தள்ளுதல் நீடித்தால் சூடேறி இணைப்பைத் துண்டிக்கும்.

மோட்டார்களை ஆறாக உயர்த்தினால் தலா 43 ஆம்பியராகக் குறையும். ஆயினும் மின்கலத்திலிருந்து வெளியேறும் மொத்த மின்னோட்டம் முன்போலவே 250 ஆம்பியர் அளவில் நிற்கும். முதன்மை முறிப்பானின் அளவு 120 ஆம்பியர் மட்டுமே. 17:1 விகிதத்தில் நான்கு மோட்டார்களே தலா 40 ஆம்பியர் அளவில் இயங்க, மொத்தம் 160 ஆம்பியர் அளவிற்கு இறங்கும். ஆகவே மோட்டார்களைக் கூட்டுதல் சுமையைப் பகிருமேயன்றிக் குறைக்காது, குறைப்பது விகிதமே.

முடிவுரை

ஈரடுக்கு வேகப் பெட்டி இரு தேவைகளையும் நிறைவுசெய்யும். ஆனால் எடையும் சிக்கலும் கூடும். ஒற்றை விகிதமே போதுமெனில், முதலில் வழுக்கும் நிலையின் மின்னோட்டத்தைக் கணித்து, அவ்வரம்பிற்குள் இயன்ற வேகத்தைத் தெரிவு செய்வதே முறையாகும்.