உருவம் சிறிது, எடையும் சிறிதா?

"சின்ன வண்டிதானே, எடையும் குறைவாகத்தான் இருக்கும்!" என்று தீர்ப்பளிப்போர் ஏராளம். கண் பார்த்ததும் அவர்களுக்குக் கணக்கு முடிந்துவிடுகிறது. நாம் கேட்கிறோம்: தராசில் ஏற்றிப் பார்த்தீர்களா?

ஏற்றிப் பார்ப்போம், வாருங்கள்! ஒரு தட்டில் பிரிட்டனின் மெக்லாரன் எஃப்1. கார்டன் மர்ரே என்னும் பொறியியல் மேதை உருவாக்கி, 1992-ல் உலகுக்குக் காட்டப்பட்ட வேகக் கார். 12 சிலிண்டர், 6 லிட்டர் இஞ்சின், நீளம் ஏறத்தாழ 4.3 மீட்டர். மறு தட்டில் 2020-ல் வந்த ஜப்பானின் டொயோட்டா ஜிஆர் யாரிஸ். மூன்றே சிலிண்டர், 1.6 லிட்டர் இஞ்சின். நீளம் 4 மீட்டருக்குள். எந்தத் தட்டு தாழும்? மெக்லாரன் 1138 கிலோ. யாரிஸோ ஏறத்தாழ 1280 கிலோ! சிறியதன் தட்டுத்தான் தாழ்கிறது!

மாயமா? மந்திரமா? இல்லை, தோழர்களே, காரணம் இருக்கிறது.

மெக்லாரனின் உடற்கூடு கார்பன் நாரால் ஆனது. எஃகினும் இலேசு, உறுதியில் இளைக்காதது. யாரிஸின் கூரை கார்பன், கதவுகள் அலுமினியம் என்றாலும், உடற்கூடு எஃகு. மெக்லாரனில் இஞ்சின் சுழற்றுவது பின் சக்கரங்களை மட்டும், யாரிஸில் நான்கையும். அதற்கெனத் தண்டும் பற்சக்கரப் பெட்டியும் கூடுதல் சுமை.

கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பார்கள். காரம் குறையாத கடுகுக்குக் கனமும் குறைவதில்லை! வேகம் வேண்டுமென்றால் பெரிய பிரேக் வேண்டும், அகன்ற சக்கரம் வேண்டும், வலுவான கியர் பெட்டி வேண்டும். வண்டியை ஒரு முழம் குறைத்ததால் இவை குறைந்துவிடுமா?

விபத்தை எண்ணிப் பாருங்கள். நீண்ட முகப்பு மெல்ல நசுங்கி மோதலைத் தாங்கும். குட்டை முகப்புக்கு அந்த இடம் ஏது? குறைந்த தூரத்தில் தாங்க, கூடுதல் வலு வேண்டும். அந்த வலுவும் எடைதான்.

"அது அந்தக் காலத்து வண்டி, இது இந்தக் காலத்து வண்டி, ஒப்பிடலாமா?" என்பீர். சரி, ஒரே நிறுவனத்தைப் பார்ப்போம். ஜெர்மனியின் போர்ஷே 2019-ல் கொணர்ந்த 718 கேமன் ஜிடி4. 2021-ல் கொணர்ந்த 911 ஜிடி3. இரண்டிலும் 4 லிட்டர், ஆறு சிலிண்டர் இஞ்சின். பின்னது அரைச் சாண் நீளம் கூடுதல். எடை? கையால் கியர் மாற்றும் வகையில் இரண்டும் ஏறத்தாழ 1420 கிலோ! பெரியதன் முன் மூடியும் பின் இறக்கையும் கார்பன் நார். விலையும் மிக அதிகம்.

புரிகிறதா சூட்சுமம்? எடை கூடுவது எளிது. குறைப்பதற்குத்தான் பணம் வேண்டும்! மலிவான சிறு வண்டிக்கு எஃகு. பணம் படைத்தவன் வண்டிக்குக் கார்பன். இலேசு என்பதும் கடைச்சரக்காகிவிட்டது!

எல்லா எடையையும் ஏசுகிறோமா? இல்லை. உயிர் காக்கும் எஃகு எத்தனை கிலோவானாலும் வரவேற்போம். ஆனால் வண்டி வாங்கப் போகிறவர், "சிறியது, ஆகவே இலேசு" என்னும் விளம்பரப் பேச்சில் மயங்க வேண்டாம் என்கிறோம். என்ன பொருளால் ஆனது, உள்ளே என்ன இருக்கிறது, எத்தனை கிலோ என்று கேளுங்கள். முழக்கோல் சொல்வது நீளத்தை. எடையைச் சொல்லத் தராசு இருக்கிறது!